கியர் எண்ணெய் மாற்றும் காலமும் இடமும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதற்குச் செய்யும் பணிவிடைகளைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கண்ணிற்படும் பகுதிகளுக்கே கவனிப்பு மிகுதி. ஞாயிறுதோறும் வண்டி கழுவப்படுகிறது, கண்ணாடி துடைக்கப்படுகிறது, சில்லுகளுக்குக் காற்றுப் பார்க்கப்படுகிறது. எஞ்சின் எண்ணெயைத் தவணை தவறாது மாற்ற வேண்டுமென்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால், எஞ்சினின் வலிமையைச் சில்லுகளுக்குக் கொண்டு சேர்க்கும் கியர்ப் பெட்டிக்குள்ளும் எண்ணெய் உண்டு, அதற்கும் ஒரு தவணை உண்டு என்பதை நினைப்பார் மிகச் சிலரே.

இது சிறு விடயம் என்று தள்ளிவிடத்தக்கதன்று. நடுத்தரக் குடும்பமொன்றில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் பொருள் இட்டு வாங்கப்படுவது வண்டியே. இலங்கையில் 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இருந்த வண்டிகளே ஓடின, ஓடி மூப்பெய்தின. அவற்றின் கியர்ப் பெட்டிகளும் உடன் மூப்பெய்தின. எஞ்சினைப் பிரித்துத் திருத்துவோர் ஊர்தோறும் உளர். தானியங்கிக் கியர்ப் பெட்டியை, அதாவது நாம் ‘ஒட்டோ கியர்’ என்று வழங்குவதை, முற்றாகக் கழற்றிப் பூட்டவல்லார் மிகச் சிலர். ஆகவே அது பழுதுபட்டால் பெட்டியையே மாற்ற நேரிடுவது பெரும்பான்மை. பிள்ளையின் மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்த பணம் ஒரே கிழமையில் கராஜுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாலைந்து லீற்றர் எண்ணெயைக் காலத்தில் மாற்றியிருந்தால் அவ்விழப்புத் தவிர்ந்திருக்கக் கூடும்.

அப்படியாயின் எப்பொழுது மாற்றுவது? எங்கே மாற்றுவது? இவ்விரு வினாக்களுக்கும் அச்சத்தாலும் விடை காணலாகாது, அசட்டையாலும் விடை காணலாகாது. அந்த எண்ணெய் செய்யும் தொழிலை அறிந்தால் விடை தானே வெளிப்படும்.

கையால் கியர் மாற்றும் பழைய வண்டிகளில் எண்ணெயின் வேலை எளிது. பற்சில்லுகள் ஒன்றோடொன்று தேயாதவாறு வழுவழுப்பூட்டுவதே அதன் கடமை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓட்டிய யாழ்ப்பாணத்துக் கைவினைஞர் இவ்வகைப் பெட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டும் கழற்றிப் பூட்டுவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் வண்டியோட்டிய பெருமை அவர்களுடையது. எனினும் தானியங்கிப் பெட்டி வேறோர் உலகம்.

செருமானியப் பொறியியலாளர் ஹெர்மன் பொற்றிங்கர், கப்பலின் சுழலியையும் உந்துசில்லையும் எண்ணெய் வாயிலாக இணைக்கலாம் என்று கண்டு 1905ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். ஒரு சில்லு எண்ணெயைச் சுழற்ற, சுழலும் எண்ணெய் மற்றொரு சில்லைச் சுழற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இத்தத்துவம் தரைக்கு வந்து, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் ‘ஹைட்ராமாற்றிக்’ என்ற பெயரில் முழுத் தானியங்கிக் கியரைப் பெருந்தொகையாகப் பொருத்தத் தொடங்கினர்.

இத்தகைய பெட்டியில் எண்ணெய் நான்கு தொழில்களை ஒருங்கே ஆற்றுகிறது. எஞ்சினின் வலிமையைக் கடத்துகிறது. அமுக்கத்தால் கிளச்சுகளைப் பற்றவும் விடவும் செய்கிறது. தேய்வைத் தடுக்கிறது. வெப்பத்தை வாங்கிச் சென்று வெளியே விடுகிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. பற்சில்லுகளுக்கு அது வழுக்க வேண்டும். கிளச்சுத் தட்டுகளுக்கோ அளவோடு பற்ற வேண்டும். இந்த இரட்டைக் குணத்தைப் பெறுதற்கு ஒரு காலத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா அவ்விலங்கினத்தைக் காக்கச் சட்டம் செய்து அதன் எண்ணெயை விலக்கியபின், இரசாயனவியலார் வேறு கலவைகளை ஆக்க வேண்டியதாயிற்று. ஆகவே கியர்ப் பெட்டிக்குள் இருப்பது வெறும் எண்ணெயன்று. அளந்து கூட்டிய மருந்து போன்றது.

மருந்துக்குக் காலாவதி உண்டல்லவா? இதற்கும் உண்டு. அதன் முதற் பகை வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் எண்ணெய் ஒட்சியேறிக் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. 90 பாகையில் வேலை செய்ய வேண்டிய எண்ணெய் 120 பாகையில் வேலை செய்யுமாயின், அது கெடும் வேகம் இரண்டல்ல, மூன்றல்ல, எட்டு மடங்கு என்பதை மாணவர் உடனே கணித்துச் சொல்வர். இரண்டாவது பகை, கிளச்சுத் தட்டுகளிலிருந்தும் உலோகப் பகுதிகளிலிருந்தும் உதிரும் நுண்துகள். வடிகட்டியும் உள்ளிருக்கும் காந்தமும் அவற்றுட் பலவற்றைப் பிடித்து வைப்பினும் முற்றாகப் பிடிப்பதில்லை.

இனிக் காலத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம்.

வண்டி விற்போர் சிலர், “இது ஆயுட்கால எண்ணெய், மாற்றவே தேவையில்லை” என்று கூறுவர். கைந்நூல்கள் சிலவற்றிலும் இக்கருத்துக் காணப்படும். யாருடைய ஆயுள் என்று நாம் கேட்க வேண்டும். முதலாவது உரிமையாளர் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் நாடுகளில் அச்சொல் ஒருவாறு பொருந்தலாம். அவர் விற்ற வண்டியை வாங்கி மேலும் பதினைந்து ஆண்டுகள் ஓட்ட எண்ணும் எமது குடும்பங்களுக்கு அது எவ்வாறு பொருந்தும்? பல உயர்தர வண்டிகளுக்குத் தானியங்கிப் பெட்டி செய்து கொடுக்கும் செருமானிய நிறுவனமாகிய இசற்.எவ்., தன் பெட்டிகளின் எண்ணெயை 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. அப்பெட்டிகளைப் பூட்டிய வண்டிகளை விற்போரோ ஆயுட்கால எண்ணெய் என்கின்றனர். பெட்டியைச் செய்தவனின் சொல்லுக்கே நாம் முதலிடம் கொடுப்போம்.

கைந்நூலைத் திறந்தால் பெரும்பாலும் இரு தவணைகள் காணப்படும்: ஒன்று சாதாரண பாவனைக்கு, மற்றது கடும் பாவனைக்கு. எம்மவர் முதலாவதைப் படித்து நிறைவடைந்து விடுகின்றனர். கடும் பாவனை என்று அந்நூல் எதனைக் குறிக்கிறது? குறுந்தூர ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், வெப்ப மிகுதி, புழுதி, மலையேற்றம், பாரம் இழுத்தல் என்பனவே. இவற்றுள் எது எமக்கு இல்லை? மாலை வேளையில் காலி வீதியில் ஊர்ந்து செல்லும் வண்டியும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு றம்பொடை வளைவுகளில் ஏறும் வண்டியும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர மூன்று கிலோமீற்றர் ஓடும் வண்டியும் கடும் பாவனைக்கு உட்பட்டவையே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரே சீராக ஓடும் 400 கிலோமீற்றரைவிட, நகர நெரிசலில் ஓடும் 400 கிலோமீற்றர் கியர் எண்ணெயை மிகுதியாக வருத்தும். எனவே கைந்நூலில் இரண்டு தவணை இருந்தால் குறுகியதே எமக்குரியது. தவணையே குறிப்பிடப்படாதவிடத்து, 40,000 முதல் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது எமது சூழலுக்குப் பாதுகாப்பானது என்பது எமது கருத்து. வண்டி அதிகம் ஓடாவிடினும் ஆண்டுகளையும் எண்ண வேண்டும். வீட்டில் நிற்கும் வண்டியின் எண்ணெயும் ஈரத்தாலும் காற்றாலும் முதுமை அடையும்.

யப்பானில் ஓடி எம்மிடம் வந்த வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கைந்நூல் யப்பானிய மொழியிலிருக்கும். முன்னைய உரிமையாளர் எண்ணெய் மாற்றினாரா என்பது தெரியாது. மீற்றர் காட்டும் தூரமும் மெய்யென்று துணியவியலாது. வரலாறு தெரியாத வண்டியை எண்ணெய் மாற்றாத வண்டியென்றே கொண்டு, வாங்கிய கையோடு பரிசோதித்துத் தொடங்குவதே அறிவுடைமை.

பரிசோதிக்கும் வழி கடினமானதன்று. அளவுகோல் உள்ள வண்டியாயின் கைந்நூல் சொல்லும் முறைப்படி பார்க்கலாம். பல வண்டிகளில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஹொண்டாவின் பழைய தானியங்கிகளில் எஞ்சினை நிறுத்திய உடனேயும் பார்க்க வேண்டும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுக. புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாயிருக்கும். ஒழுகினால் எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறியவே அச்சாயம் ஊட்டப்படுகிறது. மண்ணிறமானால் மூப்பு. கறுத்துக் கருகிய மணம் வீசினால் உள்ளே கிளச்சு எரிகிறது. பால் கலந்த இளஞ்சிவப்பாயிருந்தால் றேடியேற்றர் நீர் உட்புகுந்துள்ளது. அவ்வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது. நிறம் ஒரு சாட்சியே தவிர நீதிபதியன்று. சில வகை எண்ணெய்கள் பிறவியிலேயே பச்சையாகவோ பொன்னிறமாகவோ இருக்கும்.

இவ்விடத்தில் ஊரெங்கும் உலவும் ஒரு நம்பிக்கையை ஆராய்தல் வேண்டும். நெடுங்காலம் மாற்றாத கியர் எண்ணெயை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்பதே அது. எமக்கு அறிமுகமான இளம் கைவினைஞர் ஒருவரிடம் இதைப்பற்றி உரையாடினோம்.

“மாஸ்டர், ஒண்டரை லட்சம் ஓடின பெட்டி. தொடாமல் விட்டால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். தொட்டால் நிண்டுபோகும். பிறகு என்னைத்தான் பேசுவினம்” என்றார் அவர்.

“அது சரி தம்பி, உம்முடைய சொந்தக் காரெண்டால் என்ன செய்வீர்?” என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “என்ரை காரெண்டால் அம்பதினாயிரத்திலையே மாத்தியிருப்பன், மாஸ்டர்.”

இவ்விடையில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. எண்ணெய் மாற்றியதனால் பெட்டி சாவதில்லை. செத்துக்கொண்டிருந்த பெட்டிக்கே பலர் கடைசியாக எண்ணெய் மாற்றுகின்றனர். வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் இரைகிறது, கியர் விழச் சுணங்குகிறது என்ற பின்னர் கராஜுக்குக் கொண்டுபோய், அது பின்பு நின்றுவிட்டால் பழியைப் புதிய எண்ணெயின்மேல் போடுகின்றனர். தேய்ந்த தட்டுக்குப் புதிய எண்ணெய் உயிர் கொடுக்க மாட்டாது. எனினும் அந்நம்பிக்கையில் ஒரு துளி மெய்யும் உண்டு. பல்லாண்டு படிந்த கசடை இயந்திரத்தின் அமுக்கத்தால் அடித்துக் கலக்கினால், அது பெட்டியின் நுண்ணிய வழிகளில் சென்று அடைத்தல் கூடும். ஆகவே நெடுநாள் கவனியாத பெட்டிக்கு அமுக்கக் கழுவல் வேண்டா. வடித்து நிரப்பும் எளிய முறையே போதும்.

வடித்து நிரப்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. பெட்டி 8 லீற்றர் கொள்வதெனில் திருகாணியைக் கழற்றினால் ஏறத்தாழ 4 லீற்றரே வெளிவரும். மீதி உள் உறுப்புகளில் தங்கிவிடும். முதன்முறை மாற்றியபின் பாதி புதியது. சில நூறு கிலோமீற்றர் ஓடி மீண்டும் மாற்றினால் முக்காற்பங்கு புதியது. மூன்றாம் முறை எட்டில் ஏழு பங்கு. பெருக்குத் தொடரைக் கரும்பலகையில் மட்டும் கண்ட மாணவர் அதனைத் தந்தையாரின் வண்டியிலும் காணலாம். நூற்றுக்கு நூறு என்பதை இவ்வழியால் எட்டவியலாது. எட்ட வேண்டிய தேவையுமில்லை.

அடுத்தது இடத்தைப் பற்றிய வினா. அதற்கு முன்னர், வண்டியிலிருப்பது எவ்வகைப் பெட்டி என்று அறிய வேண்டும். ‘ஒட்டோ’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பவை பலவகை. பற்சில்லுகளும் கிளச்சுகளும் கொண்ட மரபுத் தானியங்கி ஒன்று. இரு கப்பிகளுக்கிடையே பட்டி ஓடும் சி.வி.ரி. மற்றொன்று, ஒல்லாந்தின் டவ் நிறுவனத்தார் 1958இல் றப்பர்ப் பட்டியோடு தொடங்கிய அம்முறை, 1987ஆம் ஆண்டுச் சுபாரு வண்டியொன்றில் உருக்குப் பட்டியோடு வந்தது. உருக்குப் பட்டி கப்பியைப் பற்றுவது எண்ணெயின் குணத்தாலேயே. ஆகையால் மரபுத் தானியங்கியின் எண்ணெயைச் சி.வி.ரி.யில் ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டி பாழாகும். ரொயோட்டா பிரியஸ், அக்குவா போன்ற கலப்பு வண்டிகளின் பெட்டியோ கியர் மாற்றும் கிளச்சே இல்லாதது. அங்கே எண்ணெய் பற்சில்லுகளையும் மின்மோட்டரையும் காக்கிறது.

ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. ரொயோட்டாவின் பல தானியங்கிகளுக்கு டபிள்யு.எஸ்., ஹொண்டாவின் புதிய சி.வி.ரி.களுக்கு எச்.சி.எவ்.-2, நிசானுடையவற்றுக்கு என்.எஸ்.-3 என்று பெயர் குறித்திருக்கும். “எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்” என்று பீப்பாவிலிருந்து ஊற்றித் தருவோரிடம் வண்டியைக் கொடுத்தலாகாது.

வண்டி மாற்றத்தக்க இடங்கள் பொதுவாக மூன்று: வண்டியின் முகவர் நடத்தும் பணிமனை, தானியங்கிக் கியரையே தொழிலாகக் கொண்ட கராஜ், கழுவி எண்ணெய் மாற்றும் சேர்விஸ் நிலையம். முகவரிடம் சரியான எண்ணெயும் கருவியும் இருக்கும், கூலி மிகும். கியர்க் கராஜில் அனுபவம் மிகும். ஆளைப் பொறுத்தது அதன் தரம். சேர்விஸ் நிலையத்தில் வேகமும் மலிவும் கிடைக்கும். ஆயினும் எஞ்சின் திருகாணியென்று எண்ணிக் கியர்ப் பெட்டியின் திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்ட கதைகளும் அத்தகைய இடங்களிலேதான் பிறக்கின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்துத் தீர்மானியாது, சில வினாக்களைக் கேட்டுத் தீர்மானிப்பதே நன்று.

என் வண்டிக்கு எந்த எண்ணெய் ஊற்றுவீர்கள்? முத்திரை உடையாத கலனை என் முன்னே திறப்பீர்களா? வடித்து நிரப்புவீர்களா, இயந்திரத்தால் மாற்றுவீர்களா? அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியையும் காந்தத்தையும் பார்ப்பீர்களா? எண்ணெய் மட்டத்தை எந்தச் சூட்டில் அளப்பீர்கள்?

கடைசி வினாவே உரைகல். 8 லீற்றர் எண்ணெய் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ மூன்றிலொரு லீற்றர் விரியும். ரொயோட்டாவின் புதிய பெட்டிகள் பலவற்றில் அளவுகோல் இல்லை. எண்ணெய் ஏறத்தாழ 40 பாகைச் சூட்டில் இருக்கும்போது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, வழிந்து சொட்டும் நிலையைக் கொண்டே மட்டம் அறியப்படும். சூட்டை அளக்கும் கருவி அவர்களிடம் உண்டா என்று கேளுங்கள். “கையால் தொட்டால் தெரியும்” என்று விடை வந்தால், வணக்கம் சொல்லி வண்டியைத் திருப்புங்கள்.

வேலை தொடங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றுமுன், எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடி கழல்கிறதா என்று பார்ப்பவரே தேர்ந்த தொழிலாளி. முதலில் வடித்துவிட்டுப் பின்னர் மூடி இறுகிப்போயிற்று என்று கண்டால் வண்டி அவ்விடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். வடித்த எண்ணெயை அளந்து, குறைந்தது அவ்வளவையேனும் ஊற்றினார்களா என்றும் காண்க.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதும் எமது வினாவாதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கீழே நீரிற் சேரச் சுணங்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததனால் மக்கள் குடிநீருக்கு அலைந்த துயரம் எவருக்கும் மறக்கவொண்ணாதது. கழிவெண்ணெயைப் பீப்பாவில் சேர்த்துக் கொடுக்கும் கராஜையே நாடுவோம். வேலியோரத்தில் ஊற்றும் கராஜில் கூலி குறைந்தாலும் அதன் விலையை எமது கிணறு கொடுக்கும்.

வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டில் திகதியும், மீற்றர் காட்டும் தூரமும், எண்ணெயின் பெயரும், அளவும் எழுதுவித்துப் பெற்றுக்கொள்க. வீட்டில் ஒரு கொப்பி போட்டு அவற்றைப் பதியும் பணியைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று. எந்தக் கைவினைஞரும் இல்லாத வேளையில் அக்கொப்பி வழிகாட்டும். வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் மீற்றரை நம்பாவிடினும் அக்கொப்பியை நம்புவார்.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது எமது முன்னோர் மொழி. கியர்ப் பெட்டி இரையத் தொடங்கியபின் ஓடித்திரிவதிலும், அமைதியாக ஓடும் நாளிலேயே அதன் தவணையை நினைப்பது மேல். இன்று ஞாயிற்றுக்கிழமை, வண்டிப் பெட்டகத்துள் உறங்கும் கைந்நூலை எடுத்துப் பாருங்கள். கியர் எண்ணெயைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? கடைசியாக எப்பொழுது அது மாற்றப்பட்டது? இரண்டாவது வினாவுக்கு வீட்டில் எவருக்கும் விடை தெரியாதாயின், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதென்றே கொள்க.